அம்மா பார்த்ததும் கேமரா எடுத்ததும்

திங்கட்கிழமை, பள்ளி நூலகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். உடம்பளவில் என்று ஏன் பிரித்து எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். கப்பல் பட்டறையில் உங்களுக்கு வெயில் குறைந்திருக்கும், முதுகு வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறாள். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் சித்தப்பா. நடுவில் நான் பரீட்சை மார்க்கைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்? அதனால்தான் மதிய இடைவேளையில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். முக்கியமாக, சித்தப்பாவிடம் மூச்சு விடாதீர்கள்.

விஷயம் இதுதான். நாலு மாதமாக அம்மா எடுக்கும் படங்கள் சரியாக வருவதில்லை. போன வாரம் ஒரு பெரியவரை அவர் மகள் ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தாள். எழுபது வயது நிறைந்ததற்காக ஒரு படம். அம்மா அரை மணி நேரம் பொறுமையாக எடுத்தாள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் கண் மங்கல், காது மட்டும் பளிச். காதுக்குள் இருக்கும் முடியை எண்ணிவிடலாம். அந்த மகள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் காதைத்தான் கூடத்தில் மாட்ட வேண்டுமா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அம்மாவின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கேமராவே தெளிவு பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸை அவள் நம்ப மாட்டாள். அது மூக்கைப் பிடிக்கும், புருவத்தைப் பிடிக்கும், நமக்குக் கண்தான் வேண்டும் என்பாள். வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்து, லென்ஸ் வளையத்தைக் கையால் மெல்லத் திருப்பி, எதிரே இருப்பவரின் கருவிழி தெளிகிற இடத்தில் நிறுத்துவாள். சித்தப்பா அப்படியில்லை. பட்டனை அழுத்துவார், பீப் என்று சத்தம் வரும், எடுத்துவிடுவார். அதே கேமரா, அதே லென்ஸ். அவர் படங்கள் தெளிவாக வருகின்றன.

அம்மாவும் ஒரு நாள் ஆட்டோவில் போட்டுப் பார்த்தாள். பீப் வந்த பிறகும் வியூஃபைண்டரில் முகம் மங்கலாகத்தான் தெரிந்ததாம். ஆனால் படம் தெளிவாக வந்தது. அன்றிலிருந்து அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டாள். தெளிவாக இருப்பதே தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்றால், கெட்டுப்போனது தன் கண்தானே என்கிறாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு இந்த வயதுக்கு இது நல்ல கண் என்றார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார் என்று அம்மா அவரையும் நம்பவில்லை.

இதில் சித்தப்பா எங்கே வருகிறார் என்று சொல்கிறேன். அண்ணிக்குக் கண் சரியில்லை, இனிமேல் ஸ்டூடியோவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கடையைத் தன் பெயருக்கு மாற்றும் காகிதங்களை வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் தேதி அம்மா கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் நாங்கள் இரண்டு பேரும் உங்களிடம் வந்துவிடுவதாக ஏற்பாடு என்று கேள்விப்பட்டேன். நீங்கள் மூன்று வருடமாகக் கூப்பிடுகிறீர்கள், எனக்கும் உங்களோடு இருக்க ஆசைதான். ஆனால் அம்மா ஆசையோடு வரவில்லை. தோற்றுப்போய் வருகிறாள்.

எனக்குச் சித்தப்பா மேல் சந்தேகம். வியூஃபைண்டர் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, பார்ப்பவரின் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள. சித்தப்பா கண்ணாடி போடுபவர், அதனால் அதை அடிக்கடி திருப்புகிறார். அம்மாவைக் குழப்ப வேண்டுமென்றே திருப்புகிறாரோ என்று பென்சிலால் அதில் ஒரு கோடு போட்டு வைத்தேன். மறுநாள் கோடு நகர்ந்திருந்தது. கேமராப் பையின் ஜிப்பில் ஒரு தலைமுடியையும் ஒட்டி வைத்தேன். அதை மறந்து நானே ஜிப்பைத் திறந்துவிட்டதால் அந்தச் சாட்சி கெட்டது. சித்தப்பா என்னைப் பார்த்து, வக்கீலம்மா இன்றைக்கு யாருக்காக வாதாடுகிறீர்கள் என்று கேலி செய்கிறார். குற்றம் செய்யாதவருக்கு அவ்வளவு கேலி எதற்கு?

உங்கள் அறிவுரை வேண்டும். விரைவாக எழுதுங்கள்.

நம்பிக்கையுடன்,
மகள்


வியாழக்கிழமை, மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பள்ளி முகவரிக்கே வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வரி எழுதியிருந்தீர்கள். பெரியவர்களைச் சந்தேகப்படுவது நல்ல பிள்ளைக்கு அழகில்லை என்று இரண்டு வரி. நாற்பது தாண்டினால் கண் இப்படித்தான், அம்மாவை ஓய்வெடுக்க விடு என்று மூன்று வரி. படிப்பைப் பற்றி நாலு வரி. மிச்சம் மூன்று வரியில் கேமராவை யாரும் நோண்டக் கூடாது, உள்ளே கண்ணாடிக்கு மேலே இருக்கும் ஸ்கிரீனைத் தொட்டால் கீறல் விழும், கடையில் கொடுத்துத் திறக்கவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஸ்கிரீன் அப்பா? முதுகுப் பக்கம் படம் தெரியுமே, அதுவா? நான் குமிழைப் பற்றி மட்டும்தானே எழுதியிருந்தேன்.

அறிவுரைக்கு நன்றி. ஆனால் அது வருவதற்குள் நான் வேறு வேலையில் இறங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

முதலில் சித்தப்பாவுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். குமிழ் சமாசாரம் தவறு. நூலகத்தில் கேமரா பற்றி இருந்த ஒரே புத்தகத்தில் பார்த்தேன். குமிழைத் திருப்பினால் வியூஃபைண்டருக்குள் எழுத்தும் கட்டமும்கூடச் சேர்ந்து மங்கும், சேர்ந்து தெளியும். அம்மாவுக்குக் கட்டங்கள் பளிச்சென்று தெரிகின்றன. அப்படியென்றால் குமிழ் அவள் கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. முகம் மட்டும் ஏன் ஏமாற்றுகிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா ஆல்பம் கொடுக்க வெளியே போயிருந்தார். ஸ்டூடியோவில் நீளப் பெஞ்சின் மேல் என் புத்தகங்களில் ஒன்பதை நிற்க வைத்தேன். ஒன்றுக்குப் பின் ஒன்று மூன்று விரல் தள்ளி, ஒன்றை ஒன்று மறைக்காதபடி கொஞ்சம் சாய்த்து. முதுகில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதிய சீட்டு. கேமராவை முக்காலியில் பூட்டி நாலு எட்டு தள்ளி வைத்தேன். ஐந்தாவது புத்தகத்தைக் குறி வைத்து ஆட்டோ ஃபோகஸ். பீப். படத்தில் ஐந்து தெளிவு. ஆனால் எதையும் அசைக்காமல் வியூஃபைண்டரில் பார்த்தேன். அங்கே ஐந்து மங்கல், நாலுதான் தெளிவு.

அடுத்து அம்மா செய்வதைப் போல ஆட்டோவை அணைத்துவிட்டு, கண்ணால் பார்த்துக் கையால் திருப்பி, ஐந்தாம் எண்ணின் மேல் கொண்டுவந்து நிறுத்தி எடுத்தேன். படத்தில் ஐந்து மங்கல். ஆறு தெளிவு.

யோசித்துப் பாருங்கள் அப்பா. பள்ளியில் கண் சோதனை செய்தபோது கடைசி வரியைத் தாண்டி அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் படித்தவள் நான். என் கண்ணும் அதே தப்பைத்தான் செய்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டேன். முதலில் வரவில்லை, துணி மடிக்க வேண்டும் என்றாள். கெஞ்சி இழுத்து வந்து, எதையும் சொல்லாமல் ஐந்தாவது புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். ஆறு தெளிவு. அவள் முகம் வாடிவிட்டது. இதைக் காட்டவா கூப்பிட்டாய் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் எடுத்துக் காட்டினேன்.

"நீயும் ஆறுதானா?" என்றாள்.

மறுபடி எடு என்றாள். எடுத்தேன். தள்ளு என்று சொல்லி அவளே மூன்று தரம் எடுத்தாள். எல்லாம் ஆறு. அம்மா போய், ஆட்கள் படம் எடுத்துக்கொள்ள உட்காருவார்களே, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. ரொம்ப நேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாலு மாசமா நான் சரியாத்தான் பார்த்திருக்கேன். எனக்குக் காட்டினதுதான் பொய்."

அப்புறம், இது தானாகவே இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சித்தப்பாவின் நாற்காலியைப் பார்த்தாள். நான்தான் அந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் பென்சில் கோடு நகர்ந்த கதையைச் சொல்லிவிட்டேன். குமிழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொன்னேன். ஆனால் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நாளை மறுநாள் நானும் அம்மாவும் கேமராவைப் பழுது பார்க்கும் அக்காவிடம் கொண்டுபோகிறோம். திறக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவதும் தெரிந்துவிடும். கையெழுத்து போடும் தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. அந்த ஸ்கிரீன் எது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
மகள்


செவ்வாய்க்கிழமை, பள்ளி நூலகம்

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். இது ஆறாவது.

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கேமரா சரியாகிவிட்டது. கையெழுத்து போடப் போவதில்லை.

பழுது பார்க்கும் அக்காவின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். நான் புத்தகங்களை வைத்து எடுத்த படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு, பாதி வேலையை நீயே முடித்துவிட்டாய், மீதிப் பாதிக்குக் கூலி குறைக்க மாட்டேன் என்றார். லென்ஸைக் கழற்றி, நெற்றியில் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி. அதற்கு மேலே தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, சொரசொரப்பான ஒரு மெல்லிய தகடு. நாம் வியூஃபைண்டரில் பார்க்கும் படம் அதன் மேல்தான் விழுகிறதாம். ஆட்டோ ஃபோகஸுக்கு வேறு வழி, வேறு கண். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால்தான் இரண்டும் ஒன்று சொல்லும்.

அந்தத் தகட்டின் பெயர் ஸ்கிரீன்.

தகட்டுக்கு மேலே முடி கனத்தில் ஒரு பித்தளைச் சட்டம் இருக்க வேண்டும், தூரத்தைச் சரி செய்ய. அக்கா அதை ஷிம் என்றார். நம் கேமராவில் அது இல்லை. அம்மா அது விழுந்திருக்குமா என்று கேட்டாள்.

"விழாதுங்க. ஸ்கிரீனப் புடிச்சிருக்கிற கம்பிய நெம்பி, அத எடுத்து, சுத்தமாத் தொடச்சு, திருப்பி வச்சிருக்காங்க. ஒரு கீறல்கூட இல்ல. வேலை தெரிஞ்ச கை. இத மட்டும் விட்டுட்டாங்க."

செத்துப்போன வேறொரு கேமராவிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்துப் போட்டு, அளந்து, சரி செய்து கொடுத்தார். அம்மா அங்கேயே, படிக்குக் கீழே, அக்காவைப் படம் எடுத்தாள். கையால் திருப்பி. கருவிழியில் கடை விளக்கு தெரிந்தது.

நாங்கள் நேராக ஸ்டூடியோவுக்குத் திரும்பினோம். சித்தப்பா கடையில் இருந்தார். கேமராவை யார் திறந்தது என்று அம்மா நின்றபடியே கேட்டாள். அவர் முதலில் விளையாட்டாக ஏதோ சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தனக்கும் அதில் மங்கலாகத்தான் தெரிந்ததாகவும், தன் மூக்குக்கண்ணாடி பழசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் சொன்னார். நாலு மாதமாக அதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். பென்சில் கோட்டையும் அம்மா சொன்னாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். கேலி இல்லாமல் பார்த்தார்.

"அண்ணி, இந்தக் கடை எனக்கு வேணும்னு ஆசைப்பட்டேன், இல்லைனு சொல்லல. உங்க கண்ணு கெடணும்னு ஒரு நாளும் நினைக்கல. ஸ்குரூவ எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாதவன் நான்."

அம்மா, வெளியே போ என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கே நாலு சட்டையை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். பத்து நாளாக அங்கிருந்துதான் கடைக்கு வருகிறார். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறார்.

வேலை தெரிந்த கை என்று அக்கா சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா பல்பு மாற்றினாலே இரண்டு பல்பு உடையும். ஸ்கிரீன் என்ற வார்த்தையை இந்த விஷயத்தில் எனக்கு முதலில் எழுதியவர் யார் என்றும் யோசித்தேன். நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அதனால் மூன்று நாளைக்கு முன், சனிக்கிழமை, உங்கள் கருவிப் பெட்டியைத் திறந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை முறை எனக்குத் தெரியும். எதைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் மிஞ்சும் பொருளைத் தூக்கிப் போட மாட்டீர்கள். காகிதத்தில் மடித்து, பெயரும் தேதியும் எழுதி வைப்பீர்கள். தையல் மெஷின் திருகு, மின்விசிறி வாஷர் எல்லாம் அப்படித்தான் இருந்தன. கீழ்த் தட்டில் ஒரு சின்ன மடிப்பு. உங்கள் கையெழுத்து. 'கேமரா ஷிம். மீதி 1.' தேதி, நாலு மாதத்துக்கு முன் நீங்கள் விடுமுறை முடிந்து கிளம்பியதற்கு முந்தைய நாள்.

அன்று என்ன நடந்தது என்று நானே நினைத்துப் பார்த்தேன். வியூஃபைண்டருக்குள் ஒரு தூசி இருக்கிறது, கண்ணை உறுத்துகிறது என்று அம்மா அந்த விடுமுறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நீங்கள் திறந்திருப்பீர்கள். எல்லாம் மாட்டிய பிறகு ஒன்று மிஞ்சியிருக்கும். இவ்வளவு மெல்லிசான ஒன்று என்ன செய்துவிடும் என்று மடித்து வைத்திருப்பீர்கள். இதுவரை நான் முழு மனதோடு நம்புகிறேன். அன்பினால் செய்த வேலை என்றே நம்புகிறேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமையே அம்மா போனில், படம் மங்கலாக வருகிறது என்று சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று அம்மா ஹலோ ஹலோ என்றாள். அப்புறம் நீங்கள், வயசாகுதில்ல, கண்ணைக் காட்டு என்றீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு மடிப்பு ஞாபகம் வந்ததா, வரவில்லையா? வந்திருந்தால், சொல்ல வெட்கப்பட்டு அன்றைக்கு விட்டுவிட்டு, அடுத்த வெள்ளிக்குள் அது சொல்ல முடியாத விஷயமாகிவிட்டதா? இல்லை, கண் போய்விட்டது என்று நினைத்தால் அம்மா கடையை விட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டீர்களா? மூன்றில் எது என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டாம். அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

உங்களுக்கு அங்கே தனியாக இருக்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். போனில் நீங்கள், எப்ப வர்றீங்க என்றுதான் கேட்கிறீர்கள். வாங்க, என்னால முடியல என்று ஒரு தரமும் சொன்னதில்லை. சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் அப்போது அவள் நல்ல கண்ணோடு முடிவு செய்வாள்.

நேற்று சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கடையில் தனியாக உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா, தோற்றுப்போன கேஸில் எதிராளியைப் பார்க்க வக்கீல்கள் வர மாட்டார்களே என்றார். நான் அழுதுவிட்டேன். யார் செய்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறதாம் என்று மட்டும் கேட்டார்.

மடிப்பை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அம்மா வேறு எதையாவது தேடும்போது அது அவள் கையில் கிடைத்துவிடக் கூடாது. நீங்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

பள்ளிப் படிவத்துக்கு என் படம் வேண்டும். வரும் ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம், நிதானமாக எடுக்கிறேன் என்று அம்மா சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அவள் நிதானம் உங்களுக்குத் தெரியும். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு வளையத்தைத் திருப்புவாள். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர ஐந்து நாள் ஆகும். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மதியமே கூப்பிடுங்கள், அப்போது நான் பள்ளியில் இருப்பேன். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசிவிடுங்கள் அப்பா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனமானதைக் குனிந்து தூக்காதீர்கள்.

உங்கள்
மகள்